பயனாளிகள் எண்ணிக்கை

படிவத்தின் ஏழாவது கட்டம் கேட்கிறது:
பயனாளிகள் எத்தனை பேர்?
ஐந்து ரோட்டில், கூட்டுறவு வங்கி மாடியில்,
வேலை நேரம் முடிந்த பிறகு
பேனாவை மூடி மூடித் திறக்கிறேன்.
ஊரின் ஒரே சிம்பொனி இசைக்குழுவுக்குப் பொருளாளர்.
வயோலா வாசிக்கிறவள். வயலின் என்பார்கள்.
திருத்துவதை விட்டு நாளாயிற்று.

போன மாதம் கவுன்சிலர் கேட்டார்:
"கேக்கறதுக்கு எத்தன பேருங்க வருவாங்க?"
"முப்பது பேர் சார்."
"வாசிக்கிறவங்க?"
"முப்பத்து நாலு."
அவர் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாயிருந்தது.

ஜவ்வரிசி ஆலை வையாபுரி
இரண்டாயிரம் கொடுத்தார், கூடவே ஒரு கேள்வி:
"நூறு மூட்டை கிழங்குக்கு எத்தன மூட்டை மாவுன்னு
எங்கிட்டக் கணக்கு இருக்குது.
உங்களுக்கு என்னங்க தேறுது?"
ரசீதில் அதற்கு இடமில்லை.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில்
நன்கொடை இல்லை என்றார்கள்.
பையில் கிடந்த அறுந்த கம்பிகளைப் பார்த்து
"வெள்ளியா?" என்றார் ஒருவர்.
"மேலே சுற்றியது மட்டும்."
உரசி, எடைபோட்டு, எண்பது ரூபாய் தந்தார்.
அதுவும் வரவுதான். எழுதி வைத்திருக்கிறேன்.

அரசு எங்களைத் தேடி வந்தது ஒரே ஒருமுறை.
தோட்டக்கலைத் துறை செங்கோடன்,
ஒத்திகை நடுவே, கையில் டேப்போடு.
ஏற்காடு மலர்க் கண்காட்சிக்கு
இருபதடிப் பூ வயலின் கட்டுகிறார்களாம்.
என் மடியில் இருந்ததைக்
கழுத்து, இடுப்பு, நீளம் என்று
தையல்காரர் மாதிரி அளந்தார்.
"கம்பி அஞ்சுதானுங்க மேடம்?"
"நாலு."
குறித்துக்கொண்டார்.
பதிலுக்கு ஒரு தொட்டி ஜெரேனியம்.
தணிக்கைக்காரர் கேட்டால் காட்ட
ஜன்னலில் வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

அந்த வயலினுக்கு ஆன செலவு
எங்களுடைய மூன்று வருஷம்.
பொறாமை இல்லை என்று எழுதினால்
அது பொய்க்கணக்கு.

பக்கத்தில் நின்று வாசித்துக்கொள்ளுங்கள் என்றார்கள்,
இலவசமாக. போனோம்.
இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும்
டபுள் பேஸைக் குறுக்கே கிடத்திப் பிடித்தபடி
பால் வேனில் வந்தாள் பல் மருத்துவக் கல்லூரி ரெபேக்கா.
"பொணத்தைக் கொண்டுவர்ற மாதிரி இருந்துச்சுக்கா."

மூன்று மணிக்கு ஆரம்பித்தோம்.
கார்னேஷன் வயலின் முன்னால் செல்ஃபிக்கு வரிசை.
"சார், கொஞ்சம் தள்ளுங்க, ஃபிரேம்ல வர்றீங்க."
எங்கள் குழல்காரர் இன்னாசிமுத்து தள்ளினார்,
ஒரு சுரம்கூட விடாமல்.

நாலே காலுக்கு மழை.
எங்கள் தகரக் கூரைக்குள் ஓடி வந்தது கூட்டம்.
காகிதத்தில் மிளகாய் பஜ்ஜி, இடுப்பில் ஈரக் குழந்தை,
சாக்கைத் தலையில் கவிழ்த்த காபித் தோட்டத்துப் பெண்கள்.
போக வழியில்லாமல் நின்றார்கள்.
இதுவரை எங்களுக்குக் கிடைத்த பெரிய மானியம்
அந்த மழைதான்.

ஆனால் தகரத்தில் அது அடித்த அடியில்
எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை.
அடுத்தவர் வில்லைப் பார்த்து வில் போட்டோம்.
அவர்களும் கண்ணால்தான் கேட்டார்கள்.
வயோலாவுக்கு மௌனம் நிறைய உண்டு.
அதில் எண்ணினேன்: இருநூற்றுப் பன்னிரண்டு.

மழை விட்டது.
மெதுவான பகுதி பாதியில் இருந்தது.
தகரம் அடங்க அடங்க
அடியிலிருந்து பேஸ் மேலே வந்தது.
கூட்டம் கலைந்தது. அடுத்த மௌனத்தில் எண்ணினேன்.
பதினொன்று.
செங்கோடன் ஒருவர்: கிழிந்த பூக்கம்பியைச் சரிசெய்ய வந்தவர்,
நனைந்த கூடையை இறக்கிவைக்காமல் நின்றார்.
இன்னொருவர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை.
212 என்று எழுதினேன்.
மழையின் ஆட்களை நம் கணக்கில் காட்டலாமா?
அடித்தேன். 11.
செருப்புக்காரரைக் கழிக்க வேண்டாமா?

செருப்பு கிடைத்த பிறகு
அவர் போனாரா, நின்றாரா,
நான் பார்க்கவில்லை.
அதற்குள் என் முறை வந்துவிட்டது.